மலையகப் பொது நூலகத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்கும் நூலகருக்கு: பல்வகைப் பணியாளரை ஒன்றாய் நடத்திச் செல்லும் முறை

இலங்கையின் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களிலும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பகுதிகளிலும் உள்ள பொது நூலகம் ஒன்றுக்கு முதன்முறையாகப் பொறுப்பேற்கும் ஒருவர், பகுப்பாக்கத்தையும் பட்டியலாக்கத்தையும் டிப்ளோமா வகுப்பில் கற்றிருப்பார். ஆனால் தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும், பல சமயத்தவரும், தோட்டத்திலும் கிராமத்திலும் நகரத்திலும் இருந்து வருவோரும், நிரந்தர நியமனம் பெற்றவர்களும் தற்காலிகமாக வேலை செய்யும் அமைய ஊழியர்களுமாக ஐந்தாறு பேர் கொண்ட ஒரு சிறு பணிக்குழுவை எவரையும் ஒதுக்காமல் நடத்துவது எப்படி என்பதை எந்தப் பாடத்திலும் அவருக்கு விரிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் குறையை ஓரளவு நிரப்பவே இதை எழுதுகிறேன்.

நூலகச் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனம் உருவாக்கி யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பல்பண்பாட்டு நூலகப் பிரகடனம், நூலகப் பணியாளர் தாம் சேவை செய்யும் சமூகத்தின் மொழியையும் பண்பாட்டையும் பிரதிபலிப்பவர்களாக இருக்க வேண்டும் என்று கூறுகிறது. இலக்கு சரியானதே. எனினும் நியமனக் கடிதம் வழங்கும் அதிகாரம் இல்லாத ஒரு நூலகர், நாளைக் காலை எட்டரை மணிக்குக் கதவைத் திறந்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் விடை கிடைக்காது. அந்த விடை அவருடைய கடமைப் பட்டியலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கையில் இருப்பதும் இல்லாததும்

பொது நூலகங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய உள்ளூராட்சி மன்றங்களுக்கு உரியவை. நிரந்தரப் பதவிகளுக்கான ஆளணி அனுமதியும் ஆட்சேர்ப்புத் திட்டமும் இடமாற்றமும் நூலகத்துக்கு வெளியே, பெரும்பாலும் மாகாண மட்டத்திலும் அதற்கு மேலும் தீர்மானிக்கப்படுகின்றன. தமிழ் தெரிந்த உதவியாளர் இருவர் தேவை என்று நீங்கள் கடிதம் எழுதிய மறுமாதமே அவர்கள் வந்து சேர மாட்டார்கள். இதை முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது. ஆள் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே, இருக்கிற ஆட்களை வைத்துச் செய்யக்கூடியதையும் செய்யாமல் விடும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு.

கையில் இருப்பது சிறிதன்று. யார் எந்த மேசையில் அமர்வது, யார் சனி ஞாயிறுகளில் வேலைக்கு வருவது, பயிற்சிக்கு யாருடைய பெயரை அனுப்புவது, யாருடைய லீவுக்குச் சிபாரிசு செய்வது, கூட்டத்தை எந்த மொழியில் நடத்துவது, சாவியை யாரிடம் கொடுப்பது, வருடாந்த மதிப்பீட்டில் யாரைப் பற்றி என்ன எழுதுவது என்பன எல்லாம் பெரும்பாலும் நூலகரின் பேனாவில் இருந்தே புறப்படுகின்றன. ஒரு பணியாளர் தாம் மதிக்கப்படுகிறாரா இல்லையா என்பதைச் சுவரில் ஒட்டிய வாசகங்களைக் கொண்டு அறிவதில்லை, இவற்றைக் கொண்டே அறிகிறார்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒன்றை மனனமாக வைத்திருங்கள். அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டப்படலாகாது என்கிறது. பெண்கள், சிறுவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடுகள் செய்வதை 12(4) அனுமதிக்கிறது. மலையகத்தில் அரசியல் அபிப்பிராயம் என்ற சொல்லைக் கவனமாக வாசிக்க வேண்டும். சபையின் அதிகாரம் கை மாறும்போது, முன்னைய தரப்பின் காலத்தில் வேலைக்கு வந்த அமைய ஊழியர் ஓரங்கட்டப்படுவதும், எந்தத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர் என்று பார்த்து வேலை பகிரப்படுவதும் நடக்கக்கூடியவை. நூலகத்துக்குள் அந்தக் கணக்கு நுழையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

முதல் இரு வாரங்களில் செய்ய வேண்டியவை

எதையும் மாற்றாமல் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பணியாளருடனும் தனித்தனியே அரை மணி நேரம் அமர்ந்து பேசுங்கள். எந்த மொழியைப் பேச முடியும், எதை வாசிக்க முடியும், எதில் எழுத முடியும் என்பவற்றை மூன்று வேறு கேள்விகளாகவே கேளுங்கள், ஏனென்றால் சரளமாகச் சிங்களம் பேசும் தமிழ்ப் பணியாளர் பலருக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதுவது கடினமாக இருக்கும். இதுவரை எந்தப் பயிற்சிக்குச் சென்றார், எந்தப் பகுதியில் எவ்வளவு காலம் இருந்தார், நியமனம் எத்தகையது, வீட்டில் இருந்து வர எவ்வளவு நேரமாகிறது, மாலையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சமயம், சாதி, கட்சி, தொழிற்சங்கம் ஆகியவற்றைக் கேட்காதீர்கள். அவை உங்களுக்குத் தேவையில்லை. எவராவது தாமாகச் சொன்னாலும் எழுதி வைக்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் சபை எல்லைக்குள் வாழும் மக்களைப் பற்றிய விபரத்தைப் பிரதேச செயலகத்தில் இருந்து பெறுங்கள். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் ஏறத்தாழ 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் இந்தியத் தமிழர் என்ற பெயரில் பதிவான மலையகத் தமிழர், ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர் சிங்களவர், எஞ்சியோர் இலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் பிறருமாவர். 2024 இல் மீண்டும் மதிப்பீடு நடந்திருப்பதால் உங்கள் பிரிவுக்கான புதிய விபரத்தைக் கேட்டுப் பெறலாம். மாவட்டக் கணக்கு ஒரு பருமட்டான படத்தையே தரும். ஒரே மாவட்டத்தில் நோர்வூட்டும் வலப்பனையும் ஒன்றல்ல. மக்களின் கணக்கையும் பணியாளரின் மொழித் திறனையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இடைவெளி எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பல பொது நூலகங்களில் அங்கத்துவம் பெறுவதற்குப் பிணையாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். அவர் சபைக்கு மதிப்பீட்டு வரி செலுத்துபவராகவோ அரச ஊழியராகவோ இருக்க வேண்டும் என்று விதி இருக்கும். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டில் வாழும் குடும்பம் தன் பெயரில் வரி செலுத்துவதில்லை, அதன் உறவினரும் பெரும்பாலும் அதே லயத்தில்தான் இருப்பார்கள். விதியை எழுதியவருக்கு இதில் தீய நோக்கம் இருந்திருக்காது. ஆனால் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பணியாளர் அந்தப் படிவத்தை வாசித்தவுடனேயே, பாடசாலை அதிபரின் அல்லது கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் ஏற்றுக்கொண்டால் என்ன என்று கேட்பார். அவ்வாறு கேட்கக்கூடிய ஒருவர் குழுவில் இருப்பதும், கேட்டால் காது கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருப்பதும் இரண்டும் சேர்ந்தால்தான் பயன் கிடைக்கும்.

கடமைப் பட்டியல்

ஒக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றை எண்ணிப் பாருங்கள். தேசிய வாசிப்பு மாதம் என்பதால் கூட்டம் அதிகம். ஐந்து பணியாளரில் தமிழ் வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே. அவருக்கு அன்று பட்டியலாக்க வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது, மேசையில் புதிதாக வந்த தமிழ் நூல்கள் ஒரு பெட்டி இருக்கின்றன. ஒன்பதரைக்கு இரவல் பகுதியில் இருந்து அழைப்பு வருகிறது. தோட்டத்தில் இருந்து மகளை அழைத்து வந்த தாய் ஒருவருக்கு அங்கத்துவப் படிவத்தை விளக்க வேண்டும். அது முடிவதற்குள் சிறுவர் பகுதியில் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் கேட்டு நான்கு பிள்ளைகள் நிற்கிறார்கள். பத்தரைக்கு மேல்மாடியில் உள்ள சபையின் வருமானப் பிரிவில் இருந்து ஆள் வருகிறார், யாரோ ஒரு முதியவருக்குக் கடை வாடகை அறிவித்தலைத் தமிழில் சொல்ல வேண்டுமாம். பின்னர் நிகழ்ச்சிப் பதாகையில் உள்ள தமிழ் எழுத்துகளைச் சரிபார்க்க வேண்டும். மாலையில் பெட்டி அப்படியே இருக்கிறது. மாத முடிவில் நூல் சேர்க்கைப் பதிவேட்டை எண்ணிப் பார்க்கும்போது இவருடைய எண்ணிக்கையே குறைவாக இருக்கும், வேலையில் சுறுசுறுப்புப் போதாது என்ற குறிப்பும் இவருக்கே கிடைக்கும்.

மலையக நூலகங்களில் மிகப் பெரிய அநீதி இதுவே என்று நான் கருதுகிறேன். இதை எவரும் வேண்டுமென்று செய்வதில்லை, அதனாலேயே எவரும் நிறுத்துவதும் இல்லை. நிறுத்துவதற்கு முதலில் அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு சாதாரணக் கொப்பியை எடுத்து மொழி உதவிப் பதிவேடு என்று பெயரிடுங்கள். யார் அழைத்தார், எந்தப் பகுதிக்கு, என்ன காரணத்துக்காக, எவ்வளவு நேரம் என்ற நான்கு பத்திகள் போதும். அழைக்கும் பகுதியினரே அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் அதே பணியாளரின் தலையில் விழும் இன்னொரு வேலையாகிவிடும். மூன்று மாதப் பதிவு உங்கள் கையில் இருந்தால் இரண்டு நன்மைகள் உண்டு. வருடாந்த மதிப்பீட்டில் அந்த நேரத்தை அவருடைய வேலையாகவே கணக்கிடலாம். சபையின் செயலாளரிடம் மேலதிக ஆளணி கேட்கும்போது, தேவை இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லாமல் மணித்தியாலக் கணக்குடன் கேட்கலாம். வருமானப் பிரிவு போன்ற வேறு பிரிவுகளின் அழைப்புகளுக்கு, செயலாளரின் அனுமதியுடன் ஒரு குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்குவதும் நன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்ப் பணியாளரைத் தமிழ் நூல் அடுக்கிலும் தமிழ் வாசகர் வரும் மேசையிலும் மட்டுமே நிறுத்தி வைப்பதால், அவருக்கு உசாத்துணைப் பகுதியிலோ கணினிப் பகுதியிலோ கணக்கு வேலையிலோ அனுபவம் கிடைக்காமல் போகிறது. பதவி உயர்வுக்கான நேர்முகத்தில் அந்த அனுபவமே கேட்கப்படும். ஆகவே மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பகுதிகளையும் எல்லோருக்கும் சுழற்சி முறையில் கொடுங்கள். தமிழ் தெரியாத ஒருவரால் தமிழ் அடுக்கைப் பார்க்க முடியாது என்ற வாதம் எழும். முழுவதும் முடியாதுதான், ஆனால் நூல்களை அடுக்குவதற்கு எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை. நூல்களுக்குப் பாட வாரியாக எண் கொடுக்கும் தூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, சிங்கள இலக்கியத்துக்கு 891.48. முதுகுச் சீட்டில் எண் சரியாக இருந்தால் எவரும் எந்த அடுக்கையும் ஒழுங்குபடுத்தலாம். பட்டியலாக்கம் வேறு விடயம். அதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவரே செய்ய வேண்டும், தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழ் எழுத்திலேயே பதிய வேண்டும். அவருக்கு அதற்கென வாரத்தில் குறுக்கீடு இல்லாத இரண்டு முற்பகல்களை ஒதுக்கிப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.

எழுதப்படாத வேலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேநீர் தயாரிப்பது யார், கடைக்குப் போய் வருவது யார், சுத்திகரிப்புத் தொழிலாளர் வராத நாளில் கழிவறையைக் கழுவுவது யார் என்று இரண்டு வாரம் கவனித்தால், பெரும்பாலும் ஒரே ஒருவரின் பெயரே திரும்பத் திரும்ப வரும். அவர் பெண்ணாக இருக்கலாம், அமைய ஊழியராக இருக்கலாம், தோட்டத்தில் இருந்து வருபவராக இருக்கலாம், அல்லது அவருடைய சாதி இன்னதென்று மற்றவர்கள் தமக்குள் முடிவு செய்துகொண்டவராக இருக்கலாம். தேநீருக்கும் கடை வேலைக்கும் முறை வைத்து, அந்த முறையில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். சுத்திகரிப்புத் தொழிலாளர் மதிய உணவுக்கு எல்லோருடனும் அதே மேசையில் அமர வேண்டும். அவருக்கு மட்டும் தனிக் கோப்பை வைக்கும் வழக்கம் எங்காவது எஞ்சியிருந்தால், அதைப் பற்றிக் கூட்டம் போட்டு விவாதிக்க வேண்டாம், முதல் நாளே நிறுத்துங்கள்.

அமைய ஊழியரின் பெயரும் கடமைப் பட்டியலில் முழுமையாக இடம்பெற வேண்டும். பையன், பிள்ளை என்று எழுதுவதும் அழைப்பதும் கூடாது. சாவிப் பொறுப்பு நம்பிக்கையின் அடையாளமாகக் கருதப்படுவதால், விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு நிரந்தரப் பணியாளர் அனைவரிடையேயும் அதை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

மொழி

சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இரு மொழிகளிலும் நிர்வாகம் நடக்க வேண்டிய பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டுள்ளன. 2007 ஜூலை 1 ஆம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்றைய அரசகரும மொழியில் குறிப்பிட்ட காலத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்பது பொது நிர்வாகச் சுற்றறிக்கைகளின் ஏற்பாடு. இதைப் பணியாளரை அச்சுறுத்தும் ஒன்றாக்காமல் அவர்களுக்கு உதவும் ஒன்றாக்குங்கள். நூலகத்தில் இரு மொழி அகராதிகளும் பாடநூல்களும் ஏற்கெனவே இருக்கின்றன, இரு மொழி பேசுவோரும் இருக்கிறார்கள். வாசகர் வராத வாராந்த விடுமுறைக்கு முன்னைய மாலையில் அல்லது காலையில் கதவு திறக்கும் முன் அரை மணி நேரம் ஒருவருக்கொருவர் கற்பிக்கலாம். முறையான வகுப்புக்கு அரசகரும மொழிகள் திணைக்களத்தையும் தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகத்தையும் அணுகலாம். பரீட்சை நெருங்கும் மாதத்தில் அந்தப் பணியாளருக்கு மாலைக் கடமையைக் குறைத்துக் கொடுங்கள்.

தமிழ் தெரியாத பணியாளருக்குத் தொடக்கத்தில் பத்து வாக்கியங்கள் போதும். வணக்கம், உட்காருங்கள், எந்த வகுப்பு, அங்கத்துவ அட்டை இருக்கிறதா, இந்தத் திகதிக்குள் கொண்டு வாருங்கள் என்பவற்றைச் சிங்கள எழுத்தில் எழுதி மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்தால், நாளுக்கு ஏழெட்டு முறை தமிழ்ப் பணியாளரை அழைக்க வேண்டிய தேவை தானாகவே குறையும். தமிழ்ப் பணியாளருக்கும் இதே போன்று சிங்களக் கடித வடிவங்கள் சிலவற்றைத் தயாராக வைத்திருங்கள். வாசகர் முன்னிலையில் ஒருவருடைய உச்சரிப்பையோ எழுத்துப் பிழையையோ திருத்தக் கூடாது என்பதைக் கண்டிப்பான விதியாக வையுங்கள்.

கூட்டங்களில் நடப்பதைக் கவனியுங்கள். முழுவதும் சிங்களத்தில் பேசிவிட்டு, முடிவில் தமிழ்ப் பணியாளரைப் பார்த்து இரண்டு வாக்கியத்தில் சுருக்கம் சொல்வது பரவலான வழக்கம். அவருக்கு முடிவு மட்டுமே கிடைக்கிறது, முடிவு எடுக்கப்பட்டபோது கருத்துச் சொல்லும் வாய்ப்பு கிடைக்கவில்லை. தமிழர் பெரும்பான்மையாக உள்ள குழுவில் இதே அநீதி தலைகீழாக ஒரு சிங்களப் பணியாளருக்கு நடக்கும். ஒவ்வொரு விடயத்தையும் இரு மொழியிலும் அறிமுகப்படுத்திய பின்னரே கருத்துக் கேளுங்கள், அவரவர் மொழியில் பேசட்டும். கூட்டம் சற்று நீளும், ஆகவே விடயங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்பை இரு மொழியிலும் ஒரே கோப்பில் வையுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதிய தமிழ் அடுத்த கணினியில் புரியாத குறிகளாக மாறிவிடும். யூனிகோடில் எழுதினால் சிங்களமும் தமிழும் ஒரே ஆவணத்தில் சிக்கலின்றி இருக்கும். கோகா போன்ற நூலக மென்பொருளும் யூனிகோடையே எதிர்பார்க்கிறது.

பெயர் விடயத்தில் அலட்சியம் வேண்டாம். மலையகத் தமிழர் பலரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் நியமனக் கடிதத்தில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். வரவுப் பதிவேட்டில் எழுதும் முன் அவரிடமே கேட்டு மூன்று மொழியிலும் சரியான வடிவத்தைப் பெறுங்கள். ஆவணங்களில் வேறுபாடு இருந்தால், ஓய்வூதியக் கோப்பு திறக்கும் காலம் வரை காத்திராமல் இப்போதே திருத்திக்கொள்ள வழிகாட்டுங்கள்.

உள்ளூர் இலக்கியத்தையும் பணியாளர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மலையக எழுத்தாளர்களான கோ. நடேசய்யர், மீனாட்சி அம்மாள், சி. வி. வேலுப்பிள்ளை ஆகியோரின் எழுத்துகள் எந்த அடுக்கில் இருக்கின்றன என்பது தமிழ் வாசிக்காத பணியாளருக்கும் தெரிந்திருந்தால், தோட்டத்தில் இருந்து வரும் மாணவரை அவர் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை.

லீவு, பண்டிகை, பஸ்

டிசம்பர் மாதத்திலேயே அடுத்த ஆண்டு நாட்காட்டியை எல்லோரும் சேர்ந்து பாருங்கள். தைப்பொங்கல், மகா சிவராத்திரி, தீபாவளி, வெசாக், ரமழான் பெருநாள், நத்தார் ஆகியன பொது விடுமுறைகள், அவற்றில் சிக்கல் இல்லை. சிக்கல் எழுவது அவற்றுக்கு முந்திய பிந்திய நாட்களிலும் பட்டியலில் இல்லாத நாட்களிலும்தான். தோட்டத்துக் கோவில் திருவிழாவும் காமன் கூத்தும் எந்த அரச நாட்காட்டியிலும் இல்லை, ஆனால் அந்த நாட்களில் அந்தப் பணியாளர் வீட்டில் இருக்க வேண்டியவர். சித்திரைப் புத்தாண்டு சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவானது என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் லீவு கேட்பார்கள். ஆண்டு தோறும் முறை மாற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு நியாயமான வழி இல்லை. முஸ்லிம் பணியாளருக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முன்மேசைக் கடமை போடாதீர்கள். ரமழான் காலத்தில் தொழுகைக்கு வசதியாக வேலை நேரத்தை ஒழுங்குபடுத்துமாறு வரும் சுற்றறிக்கையை, அவர் வந்து கேட்கும் வரை கோப்பில் வைத்திராமல் நீங்களாகவே செயற்படுத்துங்கள்.

போக்குவரத்தும் சமத்துவத்தைப் பாதிக்கும் ஒரு விடயமே. நகரத்தில் வசிப்பவருக்கு மாலை ஆறு மணிக்கு முடியும் கடமை ஒரு பொருட்டல்ல. ஆனால் தோட்டத்துக்குச் செல்லும் கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்குப் புறப்படுமானால், அதைத் தவறவிட்டவர் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் பணம் அவருடைய ஒரு நாள் சம்பளத்தில் கணிசமான பங்காகிவிடும், அல்லது மூடுபனியில் தேயிலை மலை வழியே நடக்க வேண்டியிருக்கும். அவருக்குக் காலைக் கடமையை அதிகமாகவும் மாலைக் கடமையைக் குறைவாகவும் கொடுத்து, ஈடாகக் கதவு திறக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தில் ஹட்டன், மஸ்கெலியா பாதைகள் நெரிசலாகும். கடும் மழைக் காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடும். அந்த நாட்களின் தாமதத்தை எல்லோருக்கும் ஒரே அளவுகோலால் பாருங்கள். நகரத்தவர் தாமதித்தால் மழை என்றும் தோட்டத்தவர் தாமதித்தால் அசட்டை என்றும் எழுதும் கை உங்களுடையதாக இருக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளிப் பணியாளர்

அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 பங்கை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குமாறு 1988 ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை கூறுகிறது. அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகு வசதி ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. மலைச் சரிவில் கட்டப்பட்ட நம் நூலகங்கள் பலவற்றில் வாசலிலேயே படிகள் இருப்பதால், சாய்வுப் பாதைக்கும் கைப்பிடிக்கும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள். அதுவரை, படி ஏற முடியாத பணியாளரின் மேசையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதற்குப் பணம் தேவையில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழிலும் வாசித்துக் காட்டும். அவரால் எது முடியும் என்பதை அவரிடமே கேளுங்கள், சக பணியாளரிடம் கேட்காதீர்கள்.

பெண் பணியாளரும் முறைப்பாடுகளும்

மகப்பேற்றுக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடனான லீவு உரிமையாகும், அது சலுகையன்று. அந்தக் காலத்தில் அவருடைய பகுதியை வேறொருவரிடம் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது அவரை எங்காவது அமர வைப்பது வழக்கமாகிவிட்டது. லீவுக்குச் செல்லும் முன்னரே, எந்தப் பகுதிக்குத் திரும்புவார் என்பதை எழுத்தில் கொடுங்கள். உடைமாற்றவும் பால் கொடுக்கவும் தாழிடக்கூடிய ஒரு சிறு அறை வேண்டும், களஞ்சிய அறையின் ஒரு பகுதியே போதுமானது.

பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை எல்லோரும் காணும் இடத்தில் மும்மொழியிலும் ஒட்டி வையுங்கள். அத்தகைய முறைப்பாட்டை நூலகத்துக்குள் சமாதானம் பேசி முடிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. முறைப்பாட்டாளரின் சொற்களை அவருடைய மொழியிலேயே எழுதி, அவருடைய சம்மதத்துடன் செயலாளருக்கு உடனே அனுப்புங்கள். முறைப்பாடு உங்களைப் பற்றியதாகவும் இருக்கலாம் என்பதால், உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அலுவலகத்துக்கும் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் நேரடியாகச் செல்லும் வழியையும் அறிவித்தலில் குறிப்பிடுங்கள். ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. மொழி உரிமை மீறல்களை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

இனம், சமயம், சாதி பற்றிய பகிடிகளைப் பொறுத்தவரை, எவரும் முறைப்பாடு செய்யவில்லை என்பதைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் முறைப்பாடு செய்தவர் யார் என்பது அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதாலேயே பலர் வாய் திறப்பதில்லை. கேட்டவுடனேயே, சொன்னவரைத் தனியே அழைத்து, இது இங்கே வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

புதியவர்கள் வரும் வாயிலை அகலமாக்குதல்

ஆட்சேர்ப்பு உங்கள் கையில் இல்லாவிட்டாலும், விண்ணப்பிப்பவர் யார் என்பதில் உங்களுக்குப் பங்கு உண்டு. வெற்றிட அறிவித்தல் வர்த்தமானியிலும் சபைப் பலகையிலும் வெளியாகும் நாளில், அதன் தமிழ்ப் பிரதியைத் தோட்டப் பாடசாலைகளுக்கும் கோவில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் விகாரைகளுக்கும் தொழிற்சங்கக் காரியாலயங்களுக்கும் அனுப்புங்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நூலக வேலையை அறிமுகப்படுத்துங்கள். இலங்கை நூலகச் சங்கம் நடத்தும் நூலகவியல் பாடநெறிகளைத் தமிழ் மொழியிலும் பயிலலாம் என்பது தோட்டப் பகுதியில் பலருக்குத் தெரியாது.

1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடுவதற்கு நீண்ட காலம் தடையாக இருந்தது. அது 2018 இல் திருத்தப்பட்டது. நடமாடும் நூலகத்தையோ தோட்ட வாசிப்பு நிலையத்தையோ தொடங்குவதற்குச் சபையிடம் முன்மொழிவு வைக்கும்போது இந்தத் திருத்தத்தைக் குறிப்பிடுங்கள். அந்தச் சேவைக்குத் தோட்டம் அறிந்த பணியாளர் தேவை என்பதையும் அதே முன்மொழிவில் எழுதினால், ஆளணிக் கோரிக்கைக்கு வலுவான காரணம் கிடைக்கும்.

இடமாற்றத்துக்கு ஆயத்தம்

நீங்களும் ஒரு நாள் மாற்றலாகிச் செல்வீர்கள். நல்ல நூலகர் மாறிச் சென்ற மறுமாதமே பழைய முறை திரும்பிவிடுவதை மலையகத்தில் பல இடங்களில் காணலாம், ஏனெனில் புதிய முறை எதுவும் எழுத்தில் இருக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடமைப் பட்டியல்களை எடுத்து, முன்மேசை, கணினி, கணக்கு, வார இறுதி, மாலை ஆகிய ஒவ்வொன்றிலும் யார் எத்தனை நாள் இருந்தார் என்று எண்ணிப் பாருங்கள். பயிற்சிக்கு அனுப்பியவர்களின் பெயர்களையும் அவ்வாறே எண்ணுங்கள். ஒரே பெயர் ஓரிடத்தில் குவிந்திருந்தால் அடுத்த பட்டியலில் திருத்துங்கள். அந்தக் கணக்கையும், சுழற்சி முறையையும், மொழி உதவிப் பதிவேட்டையும், பண்டிகை லீவு முறையையும், இரு மொழிக் கூட்டக் குறிப்புகளையும் ஒரே கோப்பில் சேர்த்து, செயலாளரின் ஒப்புதலைப் பெற்று, பொறுப்புக் கையளிப்பு ஆவணங்களின் பட்டியலில் அந்தக் கோப்பின் இலக்கத்தையும் எழுதிவிடுங்கள். அடுத்து வருபவர் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளும் பொருட்களில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.